லோடு ஆயிடுச்சு, சார்!

துப்பாக்கியோடு விமானம் ஏறுவதில் துப்பாக்கி ஒரு பிரச்சினையே இல்லை. காகிதம்தான் பிரச்சினை.

லைசென்ஸ் நகல் மூன்று. போட்டி நடத்துகிறவர்கள் அனுப்பிய அழைப்பு இரண்டு. கிளப் கடிதம் ஒன்று. துப்பாக்கியின் நம்பர், தோட்டா எண்ணிக்கை, பெட்டியின் எடை என்று கட்டம் கட்டமாக நிரப்ப ஒரு படிவம். அதில் ஒரு எழுத்து பிசகினால் போதும், பாம்பு கடித்த பரமபதக் காய் மாதிரி மறுபடி முதல் கட்டத்துக்கு வர வேண்டியதுதான்.

படிவத்தை மூன்றாவது முறையாக நிரப்பிக்கொண்டிருந்தவளுக்கு நாற்பத்து மூன்று வயது. ஆஸ்பத்திரி லேபில் தினம் காலையில் அறுபது பேருக்கு ரத்தம் எடுக்கிறவள். அதனால் ரைபிள் கிளப்பில் அவளை 'ஊசி' என்பார்கள். அன்று விடியற்காலை நான்கு மணிக்கே போய் அந்த அறுபது பேரையும் குத்திவிட்டுத்தான் விமான நிலையத்துக்கு வந்திருந்தாள். கண் எரிந்தது.

"அண்ணி, நீங்க போய் உக்காருங்க. நின்னு நின்னு முட்டி போச்சுன்னா நாளைக்கு எதை மடக்குவீங்க?"

கேட்டது நாத்தனார். கணவரின் தங்கை. லாரி புக்கிங் ஆபீசில் பதினைந்து வருஷ வேலை. பத்து இன்ஜின்கள் ஒரே நேரத்தில் உறுமும் இடத்தில் பேசிப் பழகியதால் ரகசியம்கூட பக்கத்துத் தெரு வரை கேட்கும்.

"மெதுவாப் பேசு. பக்கத்துல நிக்கிறேன்."

"மெதுவாத்தான் அண்ணி பேசறேன்."

வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

நாளைக் காலை கடைசித் தேர்வுச் சுற்று. முதல் இரண்டு சுற்றுகளையும் கூட்டினால் ஊசிக்கு மூன்றாவது இடம். அணியில் இருப்பதே மூன்று இடம். நான்காவதாக இருப்பவள் இரண்டே இரண்டு புள்ளி பின்னால். லேப் மேனேஜர் லீவு கடிதத்தில் கையெழுத்துப் போடும்போதே, "இதுதாம்மா கடைசி. இனிமே சுடறதா, குத்தறதான்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க" என்று சொல்லிவிட்டார். முட்டி டாக்டர் வேறு வார்த்தைகளில் அதையேதான் சொன்னார். இந்த வருஷம் இல்லையென்றால் இனி இல்லை.

அதற்கெல்லாம் முன்னால் ஒரு சின்ன விஷயம் இருந்தது. இன்று மாலை ஆறு மணிக்குள் துப்பாக்கியையும் உடுப்பையும் சோதனை அறையில் காட்டி ஸ்டிக்கர் ஒட்டி வாங்க வேண்டும். ஸ்டிக்கர் இல்லாதவர்களுக்கு நாளை களத்துக்குள் இடமில்லை. விமானம் இரண்டு இருபதுக்கு. இறங்குவது நான்கு பத்துக்கு. இதை விட்டால் அடுத்த விமானம் நாளைக் காலைதான்.

கவுண்டர் பெண் கொட்டாவியை உதட்டுக்குள்ளேயே மடக்கிக்கொண்டு படிவத்தைப் படித்தாள். அவளுக்கும் அன்று விடியலிலிருந்து நின்று வேலை.

"நீளப் பெட்டியில ரைபிள். சின்னப் பெட்டியில தோட்டா. ரெண்டும் உங்க பேர்ல. சிவப்பு சூட்கேஸ் இவங்க பேர்ல. அதுல என்ன?"

"சுடும்போது போடற கோட்டு, கால்சட்டை, அப்புறம் போல்ட். ரைபிளுக்குப் பின்னால சொருகற இரும்பு. அது இல்லாட்டி ரைபிள் வெறும் குழாய்தான். எப்பவும் தனியா வெச்சுத்தான் கொண்டு போவேன். படிவத்துலயும் எழுதியிருக்கேன்."

"என் எடைக் கணக்குல இடம் இருந்துச்சு. அதான் என் தலையில கட்டிட்டாங்க" என்றாள் நாத்தனார்.

அடுத்த அறையில் பெட்டியைத் திறந்து காட்டினார்கள். பாதுகாப்புக்காரர் ரைபிளை ஏற இறங்கப் பார்த்தார். குழாயின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஆரஞ்சு நிறக் கயிறு ஒன்று ஓடியது. உள்ளே தோட்டா இருந்தால் கயிறு போகாது. பார்த்தவுடன் தெரிவதற்காகவே அந்தக் கயிறு.

"இதுல எத்தனை பேரும்மா?" என்று கேட்டார், சிரிக்காமல்.

"பேப்பர் மட்டும்தான் சார் செத்திருக்கு. லட்சம் பேப்பராவது இருக்கும்."

அவர் சீட்டைக் கிழித்து உள்ளே போட்டார். ஊசி இரண்டு பூட்டுகளையும் பூட்டி, சாவியைக் கழுத்துச் செயினில் மாட்டிக்கொண்டாள். மணி பன்னிரண்டரை.

எல்லாம் முடிந்த மாதிரிதான் இருந்தது.

ஏறும் வாசலுக்கு அருகே வரிசையாக நாற்காலிகள். ஊசி உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் கழுத்து ஒரு பக்கமாகச் சரிந்தது. நாத்தனார் மட்டும் உட்காரவில்லை. கண்ணாடிச் சுவரில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"அங்க என்னடி பார்க்கறே?"

"பெட்டி ஏறுதான்னு பார்க்கறேன். சரக்கு வண்டியில ஏறாம இடத்தை விட்டு நகரக்கூடாது. எங்க ஆபீஸ்ல மொத பாடமே அதான். நீங்க தூங்குங்க."

ஊசி தூங்கிவிட்டாள்.

ஒன்று ஐம்பதுக்கு அறிவிப்பு வந்தது. நாத்தனார் இரண்டு பேருடைய சீட்டையும் எடுத்துக்கொண்டு முதல் ஆளாக வரிசையில் நின்றாள். ஊசி கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து நடப்பதற்குள் இடையில் ஏழெட்டுப் பேர் புகுந்துவிட்டார்கள்.

அப்போதுதான் அவர் வந்தார். ஷிப்ட் மாறிப் புதிதாக வந்த அதிகாரி. ஒரு கையில் வாக்கிடாக்கி, மறு கையில் விமானிக்குக் கொடுக்க வேண்டிய தாள். அதில் கடைசி ஒரு கட்டம் காலியாக இருந்தது. விமானத்தில் போகிற துப்பாக்கியில் குண்டு இல்லை என்று கடைசியாக ஒருமுறை கேட்டு, டிக் அடிக்க வேண்டும். அவ்வளவுதான். ஒரு டிக்.

"ரைபிள் பெட்டி உங்களுதா?"

"எங்களுதுதான் சார்" என்றாள் நாத்தனார்.

"ரைபிள் லோடு ஆகலைதானே?"

நாத்தனாருக்குச் சுருக்கென்றது. முக்கால் மணி நேரம் கண்ணாடியில் மூக்கு தேய நின்று பார்த்தவளிடம் கேட்கிற கேள்வியா இது?

"என்ன சார் இப்படிச் சொல்றீங்க! லோடு ஆயிடுச்சு சார். நானே கண்ணால பார்த்தேன்."

அதிகாரியின் பேனா நின்றது.

"லோடு... ஆயிடுச்சா?"

"இருபது நிமிஷத்துக்கு முன்னாடியே!"

"தோட்டா?"

"அதுவும் கூடவே ஏறிடுச்சு சார். ஒண்ணு விடல. ஃபுல் லோடு!"

பத்து இன்ஜின்களுக்கு மேல் கேட்கும் குரல். கடைசி நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தவர்கூட எழுந்து உட்கார்ந்தார். ஒரு அம்மா குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டாள். வரிசை ஓசையில்லாமல் இரண்டடி பின்வாங்கியது. பின்வாங்காமல் நின்றது ஒரே ஒருத்தி.

"ஐயோ, பாவி" என்றாள் ஊசி.

சொல்லி முடிப்பதற்குள் வாக்கிடாக்கி அலறத் தொடங்கியிருந்தது.

*

அந்த அறையில் ஒரு மேஜை, நான்கு நாற்காலி, ஒரு சுவர்க் கடிகாரம். கடிகாரம் இரண்டு எட்டு காட்டியது.

மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் இன்ஸ்பெக்டர் இரட்டை டியூட்டியில் இருந்தார். மேஜைக்கு அடியில் ஷூ நாடாவை அவிழ்த்து விட்டிருந்தது தெரிந்தது. கோபப்படுவதற்குக்கூட அவரிடம் தெம்பு மிச்சமில்லை.

"யாரு சொன்னது?"

"நான்தான் மேடம்" என்றாள் நாத்தனார். குரல் முதல்முறையாகச் சின்னதாகியிருந்தது. "ஆனா நான் சொன்ன லோடு வேற, அவர் கேட்ட லோடு வேற. எங்க லாரி ஆபீஸ்ல லோடுன்னா சரக்கு. சரக்கு வண்டியில ஏறிடுச்சுன்னா லோடு ஆயிடுச்சும்போம்."

"ஃபுல் லோடுன்னு வேற சொன்னீங்களாம்."

"மூணு உருப்படியும் ஏறிடுச்சுன்னு சொன்னேன் மேடம்."

இன்ஸ்பெக்டர் கண்ணை மூடி, கண்ணாடி அழுந்திய இடத்தை இரண்டு விரலால் தேய்த்துக்கொண்டார்.

"முப்பது வருஷ சர்வீஸ்ல கேட்டதில்லைம்மா இதை."

விமானத்தின் வயிற்றிலிருந்து மூன்று உருப்படிகளையும் இறக்கிக் கொண்டுவந்தார்கள். அதற்குப் பத்து நிமிஷம். ஊசி கழுத்திலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தாள்.

ஆரஞ்சுக் கயிறு அப்படியே இருந்தது. இன்ஸ்பெக்டர் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். மறுமுனை ஆடியது. சூட்கேசைத் திறந்து, துணியில் சுற்றியிருந்த போல்ட்டையும் பார்த்தார். தோட்டாப் பெட்டியின் சீல் உடையவில்லை.

"காலி. சரி. மூடுங்க."

மணி இரண்டு இருபத்தாறு. விமானம் இன்னும் நின்றுகொண்டிருந்தது. வாக்கிடாக்கி அதிகாரி விமானியிடம் பேசிவிட்டு வந்தார்.

"பெட்டியை ஏத்திக்கறாங்களாம். ரைபிளோட சொந்தக்காரங்களையும் ஏத்திக்கறாங்களாம். ஆனா அதைச் சொன்னவங்களை ஏத்திக்க மாட்டாங்களாம். பயணிங்க பயப்படறாங்களாம். ரெண்டே முக்காலுக்குக் கதவை மூடிடுவாங்க."

நாத்தனார் தலையாட்டினாள். "நியாயம்தான் சார். போங்கண்ணி. நான் பஸ் பிடிச்சு வீட்டுக்குப் போயிக்கறேன்."

"பஸ்ஸா?" என்றார் இன்ஸ்பெக்டர். "அவ்வளவு சுலபமா இல்லம்மா. இது ரிக்கார்டுல ஏறியாச்சு. மிரட்டலா, விளையாட்டுப் பேச்சா, தெரியாம வந்த வார்த்தையான்னு நான் எழுதணும். தெரியாமன்னு எழுதணும்னா, உங்களைத் தெரிஞ்ச ஒருத்தர் சாட்சி எழுதித் தரணும். இல்லேன்னா மேல அனுப்பணும். அவங்க எத்தனை நாள் எடுத்துக்குவாங்கன்னு என்னால சொல்ல முடியாது. விமானத்துல ஏறக் கூடாதுன்னு தடைகூடப் போடலாம். வேலை செய்யற இடத்துக்குக் கடிதம் போகும்."

இரண்டு பக்கப் படிவம் ஒன்று மேஜையில் விழுந்தது. மறுபடியும் கட்டம். மறுபடியும் காகிதம்.

ஊசி கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு இருபத்தெட்டு. இந்த அறையிலிருந்து விமான வாசலுக்கு வேகமாக நடந்தால் ஆறு நிமிஷம். அவள் முட்டிக்கு எட்டு.

"எழுதாதீங்க அண்ணி" என்றாள் நாத்தனார். "போயிடுங்க. தடை போட்டா போடட்டும். நான் என்ன தினமும் பறக்கவா போறேன்? லாரியில போயிக்கறேன்."

"போ, போன்னு எல்லாத்தையும் நீயே சொல்லு. உன்னைக் கூட்டிட்டு வந்தேன் பாரு, என் புத்தியைச் சொல்லணும்."

நாத்தனார் படிவத்தைத் தள்ளி வைத்தாள். "அதான் சொல்றேன். எழுதாதீங்க..."

"வாயை மூடு. இன்னும் ஒரு வார்த்தை பேசினே, உன்னை நானே லோடு பண்ணிடுவேன்."

வாக்கிடாக்கி அதிகாரி இருமலில் சிரிப்பை ஒளித்துக்கொண்டார். ஊசி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எழுதத் தொடங்கினாள். பெயர், வயது, தொழில், டிக்கெட் எண். 'சம்பந்தப்பட்டவருக்கு நீங்கள் என்ன உறவு?' அண்ணி. 'எத்தனை ஆண்டுகளாகத் தெரியும்?' பத்தொன்பது. 'நடந்ததை உங்கள் சொற்களில் எழுதவும்.'

அவள் வேகமாக எழுதினாள்:

'மேற்படி நபர் லாரி புக்கிங் அலுவலகத்தில் வேலை செய்கிறார். அவர் வாயில் லோடு என்றால் சாமான் ஏறுவது அல்லது இறங்குவது மட்டுமே. எங்கள் வீட்டுக்குக் கேஸ் சிலிண்டர் வந்தாலும் லோடு வந்தாச்சு என்பார். எனக்குப் பிரசவம் ஆன அன்று ஆஸ்பத்திரியிலிருந்து என் கணவருக்குப் போன் செய்து, லோடு பத்திரமா இறங்கிடுச்சு, மூணு கிலோ இருநூறு என்று சொன்னவரும் இவரே. இவர் துப்பாக்கியைத் தொட்டதில்லை. பதினோரு வருடமாக அதன் பெட்டியைத் தூக்க மட்டும் செய்கிறார்.'

கடைசி வாக்கியத்தில் பேனா ஒரு வினாடி நின்றது. பிறகு கையெழுத்துப் போட்டாள்.

இன்ஸ்பெக்டர் படித்தார். நடுவில் நிமிர்ந்து நாத்தனாரைப் பார்த்தார்.

"குழந்தைக்குமா?"

"எடையோட சொன்னாத்தானே மேடம் அண்ணனுக்கு நிம்மதி."

இன்ஸ்பெக்டர் முத்திரையைத் தூக்கி அடித்தார். "தெரியாம வந்த வார்த்தை. அவ்வளவுதான். நீங்க ஓடுங்கம்மா."

இரண்டு முப்பத்தாறு.

ஊசி எழுந்தாள். கதவருகே போனவள் சட்டென்று நின்றாள்.

"சூட்கேஸ்!"

சிவப்பு சூட்கேஸ் நாத்தனார் பெயரில் இருந்தது. நாத்தனார் போகவில்லையென்றால் அவள் பெட்டியும் போகாது. அதற்குள் கோட். அதற்குள் போல்ட். போல்ட் இல்லாமல் போய் இறங்கினால் சோதனை அறையில் ஒரு குழாயைத்தான் காட்ட முடியும்.

வாக்கிடாக்கி வழியாகக் கவுண்டர் பெண்ணை அழைத்தார்கள். ஷிப்ட் முடிந்து, கைப்பையைத் தோளில் மாட்டி வெளியே கிளம்பியவள், திரும்பி ஓடிவந்தாள். மூச்சு வாங்கியது.

"டேக் மாத்தணும். இவங்க பேர்ல இருந்து அவங்க பேருக்கு. எடை?"

"தயவு செஞ்சு அதை மட்டும் கேக்காதீங்க" என்றாள் ஊசி.

கவுண்டர் பெண் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு கேட்கவில்லை. புது டேக்கை ஒட்டிவிட்டுப் பழையதைக் கிழித்தாள். மூன்று உருப்படிகளும் தள்ளுவண்டியில் ஏறின. நாத்தனார் வாயைத் திறந்தாள். எதுவோ சொல்ல வந்தவள், கையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள்.

*

விமானத்துக்குள் நூற்றைம்பது ஜோடிக் கண்கள். அவளுக்குப் பக்கத்து இருக்கைக்காரர் ஜன்னலோடு ஜன்னலாக ஒடுங்கினார். ஊசி பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள்.

"நீங்கதானா?" என்றார் அவர், தயங்கி.

"நானேதான். பயப்படாதீங்க. தூங்கப் போறேன்."

விமானம் கிளம்பியது அவளுக்குத் தெரியாது.

இறங்கியபோது நான்கு நாற்பது. பெட்டிகள் வர முப்பது நிமிஷம். தனியாக மூன்று உருப்படி. நீளப் பெட்டியைத் தோளில் போட்டு, தோட்டாப் பெட்டியை அக்குளில் இடுக்கி, சூட்கேசை இழுத்துக்கொண்டு டாக்சி தேடினாள். டாக்சிக்காரர் நீளப் பெட்டியைப் பார்த்து, "வயலினாம்மா?" என்றார். "ஆமா" என்றாள். விளக்கம் சொல்ல இன்னொரு வாக்கியம் மிச்சமில்லை.

ஐந்து ஐம்பத்து மூன்று. சோதனை அறையில் ஒரு விளக்கை அணைத்துவிட்டிருந்தார்கள். மேஜைக்காரர் அளவுக் கருவியை உறைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் மத்தியானமே வந்துட்டுப் போயிட்டாங்க. மூட்டை கட்டியாச்சும்மா."

ஊசி பூட்டைத் திறந்தாள். ரைபிளை எடுத்து வைத்தாள். போல்ட்டைத் துணியிலிருந்து பிரித்து வைத்தாள். கோட்டை மேஜைமேல் விரித்தாள். விரித்துவிட்டு மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுவரில் ஐந்து ஐம்பத்தைந்து என்றிருந்தது.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அணைத்த விளக்கை மறுபடி போட்டார்.

கோட்டின் தடிமனை ஐந்தாறு இடத்தில் அளந்தார். தோளில் ஒரு இடம் அனுமதித்த தடிமனின் எல்லையில் நின்றது. மறுபடி அளந்தார். ஊசி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். சுடும்போது பிடிப்பதைவிட நீளமாக.

"சரியா இருக்கு."

ரைபிளில் ஒரு ஸ்டிக்கர். கோட்டில் ஒரு ஸ்டிக்கர். கட்டை விரலால் அழுத்தி ஒட்டினார்.

"நீங்க முதல் ரிலே, முதல்ல சுடற கூட்டம். எட்டு மணி. ஏழுக்கே வந்துடுங்க."

வராந்தாவில் நீளப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்து போன் செய்தாள்.

"ஒட்டியாச்சுடி."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் ஓசை.

"வீட்டுக்குப் போயிட்டியா?"

"மிச்சக் காகிதமெல்லாம் எழுதி வாங்கிட்டு அஞ்சு மணிக்கு விட்டுட்டாங்க. இன்ஸ்பெக்டர் மேடம் அடுத்த மாசம் வீடு மாத்தறாங்களாம் அண்ணி. பீரோ, கட்டில்னு நிறைய சாமானாம். நம்ம ஆபீஸ் நம்பர் குடுத்துட்டு வந்திருக்கேன்."

ஊசிக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத்தான் தெம்பில்லை.

"அண்ணி... அங்க சொன்னதுக்கு... கோவமா?"

"கோவம்தான். நாளைக்குப் படலாம்னு எடுத்து வெச்சிருக்கேன்."

"முதல்ல எப்படிச் சுடணும்? படுத்தா, நின்னா?"

"முட்டி போட்டு."

"இன்னிக்கு முழுக்க அதைத்தானே பண்ணீங்க எல்லார்கிட்டயும்."

"போனை வை" என்றாள் ஊசி. "ஏழு மணிக்கே வரச் சொல்லியிருக்காங்க. நான் போய்த் தூங்கறேன்."

உள்ளேயிருந்து சாவிக்கொத்தோடு வந்த மேஜைக்காரர், கேட்டைப் பூட்ட வேண்டும் என்று சைகை காட்டினார். அவள் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்து எழுந்தாள். முதல் முயற்சியில் முடியவில்லை. இரண்டாவதில் எழுந்துவிட்டாள்.